பழைய இரட்டை டீசல் படகு ஒரு டேங்கில் எவ்வளவு தூரம் போகும்? அளந்து கண்டுபிடிக்க முழுமையான வழிகாட்டி

பழைய மோட்டார் யாட் வாங்க வருகிறவர்கள் விலை பேசுவதற்கு முன்பே கேட்பது, "இது மணிக்கு எத்தனை லிட்டர் குடிக்கும்?" என்றுதான். நான் திருப்பிக் கேட்பது, "எந்த ஆர்பிஎம்மில்?" அதாவது, இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை முறை சுற்றும்போது? இரண்டு டீசல் இன்ஜின் உள்ள படகுக்கு ஒரே ஒரு மைலேஜ் என்று எதுவும் கிடையாது. அதே படகு, அதே டேங்க், அதே கடல்; இன்ஜின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலை நீங்கள் நிறுத்தும் இடத்தைப் பொறுத்து 300 கடல் மைலும் (ஒரு கடல் மைல் 1.85 கிலோமீட்டர்) போகும், 1,000 கடல் மைலும் போகும். விற்பவர் வாயால் சொல்லும் எண்ணையோ, 40 வருடத்துக்கு முன் அச்சடித்த விளம்பரத் தாளையோ நம்பி நீண்ட பயணம் கிளம்பாதீர்கள். உங்கள் படகை நீங்களே அளந்து, அதற்கென்று ஓர் அட்டவணை போட்டுக்கொள்ள வேண்டும். இரண்டு வார இறுதிகளில் முடிந்துவிடும் வேலை.

கணக்குக்கு ஒரு படகு கையில் இருந்தால் எளிது. எனக்கு நன்றாகப் பழகிய கிராண்ட் பேங்க்ஸ் 42-ஐ எடுத்துக்கொள்கிறேன். ஹாங்காங்கில் 1960களில் பிறந்த ரகம். பிறகு சிங்கப்பூரில் ஏராளமாகக் கட்டினார்கள். 1973 வரை மரம், அதன்பின் ஃபைபர். பலவற்றில் இருப்பது இரண்டு ஃபோர்டு லேமன் 120. பிரிட்டனில் ஃபோர்டு செய்த லாரி ரக டீசல் இன்ஜினை அமெரிக்காவின் லேமன் நிறுவனம் கடலுக்கு ஏற்றபடி மாற்றியது. ஆறு சிலிண்டர், 6.2 லிட்டர் கொள்ளளவு, டர்போ இல்லை, 2,500 ஆர்பிஎம்மில் 120 குதிரைத்திறன். உங்கள் படகு வேறாக இருந்தாலும் வழி இதுதான். எண்கள் மட்டும் மாறும்.

படகின் இயல்பு வேகம்

படகின் மொத்த நீளம் இந்தக் கணக்குக்கு உதவாது. தண்ணீரைத் தொடும் நீளம், அதாவது நீர்க்கோட்டு நீளம்தான் வேண்டும். அதை மீட்டரில் எடுத்து, வர்க்கமூலம் கண்டு, 2.43-ஆல் பெருக்குங்கள். 12 மீட்டர் என்றால் 8.4 நாட் வரும் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்).

இந்த எண் என்ன சொல்கிறது? அந்த வேகத்தில் படகு எழுப்பும் அலையின் நீளம் படகின் நீளத்துக்குச் சமமாகிவிடுகிறது. அணியத்தில் (முன்புறம்) ஒரு மேடு, பின்புறம் ஒரு மேடு, நடுவில் பள்ளம். அதற்கு மேல் வேகம் கேட்டால் படகு தான் எழுப்பிய அலை மீதே ஏற வேண்டும். 15 டன் எடையை மேட்டில் ஏற்றுவதற்கு எரிக்கும் டீசல்தான் உங்கள் பணத்தைக் கரைப்பது. அமைதியான கடலில் ஓடும்போது பின்பக்கம் போய் நின்று தண்ணீரைப் பாருங்கள். 7 நாட்டில் பின்னால் விரியும் நீர் ஏறக்குறைய தட்டையாக இருக்கும். ஒன்பதைத் தாண்டும்போது படகின் பின்புறம் அமிழ்ந்து, ஓர் ஆள் உட்கார்ந்தால் மறையும் அளவுக்கு அலை எழும். அந்த அலையை எழுப்பிய டீசலுக்கு நீங்கள்தான் காசு கொடுத்தீர்கள்.

காகிதக் கணக்கு

கடலில் இறங்கும் முன் ஒரு தோராயம் வேண்டும். புரொப்பெல்லர் கேட்கும் திறன் ஆர்பிஎம்மின் மும்மடிக்கு ஏற்பக் கூடும், குறையும். 1,500 என்பது 2,500-இல் 0.6 பங்கு. அதன் மும்மடி, அதாவது 0.6 × 0.6 × 0.6, 0.216. 120 குதிரைத்திறனில் அந்தப் பங்கு சுமார் 26. டர்போ இல்லாத பழைய ஃபோர் ஸ்ட்ரோக் டீசல், மணிக்கு ஒரு லிட்டர் எரித்தால் கிட்டத்தட்ட 4.7 குதிரைத்திறன் தரும். 26-ஐ 4.7-ஆல் வகுத்தால் ஓர் இன்ஜினுக்கு ஐந்தரை லிட்டர், இரண்டுக்கும் 11 லிட்டர்.

இதே வழியில் போட்டால், அடிப்பாகம் சுத்தமாக உள்ள கிராண்ட் பேங்க்ஸ் 42-க்கு ஏறத்தாழ இப்படி வரும். எல்லாம் இரண்டு இன்ஜினுக்கும் சேர்த்து:

1,500 ஆர்பிஎம்: 7 நாட், மணிக்கு 11 லிட்டர், கடல் மைலுக்கு 1.6 லிட்டர்
1,700 ஆர்பிஎம்: 7.8 நாட், மணிக்கு 16 லிட்டர், கடல் மைலுக்கு 2.1 லிட்டர்
2,000 ஆர்பிஎம்: 8.6 நாட், மணிக்கு 26 லிட்டர், கடல் மைலுக்கு 3 லிட்டர்
2,500 ஆர்பிஎம்: 10 நாட், மணிக்கு 51 லிட்டர், கடல் மைலுக்கு 5.1 லிட்டர்

கடைசி எண்ணைத்தான் பார்க்க வேண்டும். மணிக்கு எத்தனை லிட்டர் என்பது இன்ஜினின் கணக்கு. கடல் மைலுக்கு எத்தனை லிட்டர் என்பதுதான் பயணத்தின் கணக்கு. 7 நாட்டிலிருந்து 8.6-க்குப் போனால் கூடுதலாகக் கிடைப்பது ஒன்றரை நாட் சொச்சம். செலவோ இரட்டிப்பை நெருங்குகிறது. 400 கடல் மைல் பயணத்தில் பத்தரை மணி நேரம் மிச்சமாகும், அதற்கு 580 லிட்டர் டீசல் கூடுதலாகப் போகும். அது உங்களுக்குக் கட்டுப்படியாகுமா என்பது உங்கள் விருப்பம். ஆனால் தெரிந்து செய்யுங்கள்.

டெட்ராய்ட் 6-71, 8வி71 போன்ற டூ ஸ்ட்ரோக் இன்ஜின் உள்ள படகுகளுக்கு 4.7 என்பதை 4 என்று போட்டுக்கொள்ளுங்கள். காற்றை உள்ளே தள்ளும் புளோவரைச் சுற்றுவதற்கே அவை ஒரு பங்கைச் செலவிடும். தண்ணீர் மேல் எழும்பி ஓடும் வேகப் படகாக இருந்தால், அணியம் தூக்கிக்கொண்டு திணறும் அந்த நடு வேகத்தில் மட்டும் நீண்ட நேரம் ஓட்டாதீர்கள். மெதுவாகப் போங்கள், அல்லது முழுதாக எழும்பவிட்டுப் போங்கள்.

ஆர்பிஎம் மீட்டரை நம்புவதற்கு முன்

பழைய படகில் அதிகம் பொய் சொல்லும் கருவி இதுதான். ஒரே படகில் இடது மீட்டர் 1,700 காட்ட, இன்ஜின் உண்மையில் 1,550-இல் ஓடியதைப் பார்த்திருக்கிறேன். மும்மடிக் கணக்கில் இந்த 150 ஆர்பிஎம் பிழை, டீசல் கணக்கில் கால் பங்கு பிழையாகிவிடும்.

கையில் பிடிக்கும் லேசர் டாக்கோமீட்டர் ஒன்று வாங்குங்கள், விலை அதிகமில்லை. இன்ஜினை நிறுத்தி, முன்பக்கம் கிராங்க் ஷாஃப்ட் புல்லியைத் துணியால் நன்றாகத் துடைத்து, விரல் நகம் அளவுக்கு ஒளி திருப்பும் டேப்பை ஒட்டுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் முதல் நிமிடத்திலேயே அது பறந்துவிடும். பிறகு இன்ஜினை ஓடவிட்டு, பெல்ட்டிலிருந்து கையைத் தள்ளி வைத்து, ஒளிப்புள்ளியை டேப் மேல் பிடியுங்கள். 1,000-இலிருந்து 200, 200-ஆக ஏற்றி, மீட்டர் காட்டுவதையும் உண்மையையும் எழுதி, மீட்டருக்குப் பக்கத்திலேயே ஒட்டிவிடுங்கள்.

இரண்டு இன்ஜினும் ஒரே ஆர்பிஎம்மில் ஓடுகின்றனவா என்பதற்குக் காதே போதும். வித்தியாசம் இருந்தால் "வூம்... வூம்..." என்று ஓர் ஏற்ற இறக்கம் கேட்கும். ஒரு த்ராட்டிலை மயிரிழை நகர்த்த நகர்த்த அது நீண்டு, நீண்டு, கடைசியில் ஒரே சீரான ஒலியாகும்.

அடுத்து முழு த்ராட்டில் சோதனை. டேங்கில் வழக்கமான அளவு டீசலும் தண்ணீரும் இருக்கட்டும், இன்ஜின் நன்றாகச் சூடாகட்டும். திறந்த நீரில் சில நிமிடம் முழு த்ராட்டில் கொடுங்கள். லேமன் 120 என்றால் 2,500-ஐத் தொட வேண்டும். 2,250-இலேயே நின்று கரும்புகை கக்கினால், புரொப்பெல்லர் இன்ஜினுக்குப் பெரிது, அல்லது அடிப்பாகத்தில் பாசி, சிப்பி போன்ற வளர்ச்சி ஒட்டியிருக்கிறது. இதைச் சரிசெய்யாமல் டீசல் அளந்து பயனில்லை. மைலேஜை விடுங்கள், அதிகச் சுமையில் ஓடும் இன்ஜினின் ஆயுள் சொல்லாமல் கொள்ளாமல் குறையும்.

லேமன் 120 வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் பாருங்கள். டீசலை இன்ஜினுக்குள் பீய்ச்சும் அதன் சிம்ஸ் இன்ஜெக்ஷன் பம்புக்குத் தனி எண்ணெய் உண்டு. 50 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். மட்டம் பார்க்கும் திருகைக் கழற்றும்போது எண்ணெய் வழிந்து, அதில் டீசல் வாடை அடித்தால், பம்பின் உள்ளே டீசல் கசிகிறது என்று பொருள்.

டேங்கில் உண்மையில் எவ்வளவு இருக்கிறது

கிராண்ட் பேங்க்ஸ் 42-க்குக் காகிதத்தில் உள்ளது 600 அமெரிக்க கேலன், அதாவது சுமார் 2,270 லிட்டர். இங்கே ஏமாறக்கூடிய இடம் இரண்டு.

ஒன்று, கேலன். அமெரிக்க கேலன் 3.785 லிட்டர், பிரிட்டிஷ் கேலன் 4.546. இன்ஜின் பிரிட்டனில் பிறந்தது, படகு அமெரிக்கச் சந்தைக்காகக் கட்டியது, கையேடுகள் இரண்டு ஊரிலிருந்தும் வரும். மாற்றிப் படித்தால் ஐந்தில் ஒரு பங்கு தவறு. எல்லாவற்றையும் முதல் நாளே லிட்டருக்கு மாற்றிவிடுங்கள்.

இன்னொன்று, டேங்கே மாறியிருக்கலாம். அந்தக் காலத்து இரும்பு டேங்குகளுக்கு மேல்தளத்து டீசல் மூடி வழியாக மழைநீர் சொட்டி, மேல்தகடு துருப்பிடிப்பது வழக்கமான நோய். பெரிய டேங்கை இன்ஜின் அறையிலிருந்து முழுதாக வெளியே எடுக்க வழி இருக்காது. அறுத்து எடுத்துவிட்டு, வாசல் வழியாக நுழையும் அளவுக்குச் சிறிய டேங்குகளை வைத்திருப்பார்கள். கொள்ளளவு அதில் நிறையவே குறைந்திருக்கும். வாங்கும்போது டேங்கின் நீளம், அகலம், உயரத்தை டேப் பிடித்து அளந்து பெருக்கிப் பாருங்கள்.

பிறகு அளவுகோல் போடும் வேலை. டேங்க் கிட்டத்தட்டக் காலியாக இருக்கும் நாளில் 100 லிட்டர், 100 லிட்டராக நிரப்பி, ஒவ்வொரு முறையும் அளவுக்குச்சியிலோ பக்கவாட்டுக் கண்ணாடிக் குழாயிலோ கோடு போடுங்கள். டேங்க் படகின் வளைவுக்கு ஏற்பக் கீழே குறுகி இருந்தால் கோடுகள் சம இடைவெளியில் வராது. முள் பாதியில் நிற்கும்போது டீசல் பாதியைவிடக் குறைவாக இருப்பது இதனால்தான்.

அடியில் உள்ள பத்தில் ஒரு பங்கை இல்லாததாகவே நினையுங்கள். உறிஞ்சு குழாய் அடிவரை எட்டாது. எட்டினாலும் அங்கே இருப்பது தண்ணீர், துரு, நம் வெப்பத்தில் டீசலுக்குள் வளரும் பாசி போன்ற கசடு. சாதாரண நாளில் அசையாமல் கிடக்கும் கசடு, கடல் குலுக்கும் நாளில் எழும்பி வடிகட்டியை அடைக்கும். இன்ஜின் நிற்கக் கூடாத நாளில்தான் நிற்கும்.

திரும்பி வரும் டீசல் எங்கே போகிறது?

டீசல் இன்ஜின் இழுக்கும் டீசல் முழுவதையும் எரிப்பதில்லை, ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பும். லேமனில் அது கொஞ்சம். டெட்ராய்ட் டூ ஸ்ட்ரோக்கில் எரிப்பதைப் போலப் பல மடங்கு.

டெட்ராய்ட் 6-71 இரண்டு பொருத்திய ஒரு படகில் துணைக்கு ஏறி, மலாக்கா நீரிணையில் வடக்கே போய்க்கொண்டிருந்தோம். போர்ட் டிக்சனுக்கு அப்பால், இரவு இரண்டு மணிக்கு மேல், இடது இன்ஜின் இருமி நின்றது. கிளம்பும்போது இரண்டு டேங்கும் நிறைந்திருந்தன. கணக்குப்படி இரண்டிலும் பாதிக்கு மேல் இருந்திருக்க வேண்டும். டார்ச் அடித்துப் பார்த்தால் இடது டேங்க் வறண்டு கிடந்தது, வலது டேங்க் கழுத்துவரை நிறைந்து மூச்சுக்குழாய் வழியாக வெளியே சிந்திக்கொண்டிருந்தது. குழாய்களைப் புதுப்பித்த பணிமனை, இரண்டு இன்ஜினின் திரும்பு குழாயையும் வலது டேங்கிலேயே இணைத்துவிட்டிருந்தது. காற்றை வெளியேற்றி இன்ஜினை மறுபடி கிளப்ப ஒன்றரை மணி நேரமானது. அதுவரை ஒற்றை இன்ஜினில், கப்பல் பாதையின் விளிம்பில், பெரிய கப்பல்களின் விளக்குகளைப் பார்த்தபடி நின்றோம். அந்த இரவுக்குப் பிறகு, எந்தப் பழைய படகில் ஏறினாலும் நான் முதலில் செய்வது திரும்பு குழாயை விரலால் தடவிக்கொண்டே போய், அது முடியும் இடத்தைக் கண்ணால் பார்ப்பதுதான். எந்த டேங்கிலிருந்து இழுக்கிறதோ அதே டேங்குக்குத்தான் திரும்ப வேண்டும். வால்வுகளில் பெயின்ட்டால் எழுதி வையுங்கள்.

கேன் சோதனை

இப்போது உண்மையான அளவு. டேங்கை நிரப்பி, ஓட்டி, மறுபடி நிரப்பிப் பார்ப்பது எளிய முறை. ஆனால் நாள் முழுக்க ஓடினால்தான் பிழை குறையும். ஒவ்வொரு ஆர்பிஎம்முக்கும் ஒரு நாள் ஆகும். லேமன் போலக் குறைவாகக் குடிக்கும் இன்ஜினுக்கு ஒரு கேன் போதும்.

உள்ளிருப்பது தெரியும்படியான 20 லிட்டர் டீசல் கேன் எடுங்கள். அரை லிட்டர் அரை லிட்டராக ஊற்றி, மார்க்கரால் கோடு போடுங்கள். முதல் வடிகட்டிக்கு முன்னால் ஒரு மூவழி வால்வு வைத்து, ஒரு பக்கம் டேங்க், மறுபக்கம் கேன். திரும்பு குழாயும் அதே கேனுக்குள் வர வேண்டும். மறந்தால் கணக்கு முழுதும் தவறு. கேனை இன்ஜின் மட்டத்துக்குக் கீழே போகாமல், நகராதபடி கயிற்றால் கட்டுங்கள். சூடான எக்ஸாஸ்ட்டுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், ஓர் ஆள் கூடவே நிற்கட்டும், தீயணைப்பான் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

காற்று அமைதியான காலையில் போங்கள். ஓர் ஆர்பிஎம்மில் நிலைத்து ஐந்து நிமிடம் ஓடிய பிறகு கேனுக்கு மாற்றுங்கள். சரியாக 30 நிமிடம். அதில் 15 நிமிடம் ஒரு திசை, 15 நிமிடம் நேர் எதிர்த்திசை. ஜிபிஎஸ் காட்டும் இரண்டு வேகத்தின் சராசரிதான் நீரோட்டம் கழித்த உண்மை வேகம். 1,700-இல் கேனில் 4 லிட்டர் இறங்கியிருந்தால் மணிக்கு 8. பிறகு அடுத்த ஆர்பிஎம். இடது இன்ஜின் முடிந்ததும் வலதுக்கு மாற்றி முழுதும் திரும்பச் செய்யுங்கள். சலிப்பாக இருக்கும், ஆனாலும் செய்யுங்கள். ஒரே ஆர்பிஎம்மில் ஒன்று மற்றதைவிடப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் அதிகம் குடித்தால் இன்ஜெக்டர், டைமிங், புரொப்பெல்லர் மூன்றில் ஒன்றில் கோளாறு இருக்கிறது. புகை வழி காட்டும்: கருப்பு என்றால் சுமை அல்லது காற்றுக் குறைவு, வெள்ளை என்றால் எரியாத டீசல், நீலம் என்றால் எண்ணெய்.

எட்டும் தூரம்

2,270 லிட்டரில் அடியில் உள்ள பத்தில் ஒரு பங்கைக் கழியுங்கள். அவசரத்துக்கென இன்னும் 20 சதவீதம் கழியுங்கள். மிச்சம் சுமார் 1,590 லிட்டர். மேலே போட்ட அட்டவணைப்படி 7 நாட்டில் ஆயிரம் கடல் மைல், 7.8-இல் 770 சொச்சம், 8.6-இல் 525 சொச்சம், முழு த்ராட்டிலில் 310. நிரப்ப இடமில்லாத தீவுக்குப் போய்த் திரும்புவதானால் இன்னும் கண்டிப்பான பழைய முறை நல்லது: போக மூன்றில் ஒன்று, வர மூன்றில் ஒன்று, தொடாமல் வைக்க மூன்றில் ஒன்று.

இந்தத் தூரத்தைக் கடித்துத் தின்பவை சில உண்டு. நம் வெப்பக் கடலில் முதலிடம் அடிப்பாக வளர்ச்சிக்கு. படகைச் சில வாரம் ஓட்டாமல் நிறுத்தினாலே வழவழப்பு படியும், பிறகு சிப்பி போல ஒட்டும் பார்னக்கிள் ஓடு கட்டும். புரொப்பெல்லரில் மட்டும் ஒட்டியிருந்தாலே வேகம் குறைவது தெரியும். நீண்ட பயணத்துக்கு முந்தைய நாள் ஆளை இறக்கி, புரொப்பெல்லரைச் சுரண்டச் சொல்லுங்கள். டீசல் சேமிக்க இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியவில்லை.

அடுத்தது ஜெனரேட்டர், பலர் கணக்கில் சேர்க்க மறப்பது இதைத்தான். ஏசி ஓடிக்கொண்டே இருந்தால் சிறிய ஜெனரேட்டரும் மணிக்கு சுமார் 2 லிட்டர் எடுக்கும். 7 நாட்டில் ஓடும் படகுக்கு அது பெரிய இன்ஜின்களின் செலவில் ஐந்தில் ஒரு பங்கு.

பிறகு எதிர் நீரோட்டம். 7 நாட்டில் ஓடும்போது ஒன்றரை நாட் எதிர்த்தால் நிலத்தின்மேல் நகர்வது 5.5 நாட்தான், கடல் மைலுக்கு 1.6 லிட்டர் 2 ஆகிவிடும். மெதுவாக ஓடும் படகை நீரோட்டம் அதிகம் தண்டிக்கும். ஆகவே பலமாக எதிர்க்கும் நேரத்தில் சற்றே கூட்டியும், கூட வரும் நேரத்தில் சற்றே குறைத்தும் ஓட்டுவது லாபம்.

ஓர் இன்ஜினை நிறுத்தினால் மிச்சமாகுமா?

எல்லோரும் கேட்பார்கள். ஓரளவு மிச்சமாகும், நினைக்கும் அளவுக்கு ஆகாது. நிற்கும் புரொப்பெல்லர் தண்ணீரை இழுத்துப் பிடிக்கும், படகு ஒரு பக்கம் திரும்பப் பார்க்கும், சுக்கானைத் திருப்பியே வைத்திருக்க வேண்டும். இந்த இரண்டும் சேமிப்பில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். மேலும் நின்ற இன்ஜினின் ஷாஃப்ட் தண்ணீர் வேகத்தில் தானாகச் சுற்றும்போது கியர் பாக்ஸுக்குள் எண்ணெய் ஓடாமல் போகலாம். சில கியர் பாக்ஸ் அதைத் தாங்கும், சில தாங்காது. கையேட்டைப் பார்க்காமல் செய்யாதீர்கள். ஷாஃப்ட் வழியாகத் தண்ணீர் உள்ளே வராமல் தடுக்கும் ஷாஃப்ட் சீலுக்குக் குளிர்நீர் இன்ஜினிலிருந்து வருகிறதென்றால் அதுவும் நின்றுபோகும். என் முடிவு: இரண்டையும் ஓட்டுங்கள், 200 ஆர்பிஎம் குறைத்து ஓட்டுங்கள். நாள் முழுக்க மெதுவாக ஓடினால் மாலையில் பத்து நிமிடம் ஆர்பிஎம்மை ஏற்றி, படிந்த கரியை எரியவிடுங்கள்.

ஒரு பயணத்தில் போட்டுப் பார்ப்போம்

சிங்கப்பூரிலிருந்து லங்காவி சுமார் 400 கடல் மைல். 7 நாட்டில் 57 மணி நேரம். இன்ஜின்களுக்கு 630 லிட்டர், ஜெனரேட்டருக்கு 115. கடல் மோசமானால் என்று கால் பங்கு கூட்டினால் மொத்தம் 930 லிட்டர். 1,590 இருக்கிறது, தாராளம். இதையே 2,000 ஆர்பிஎம்மில் ஓடினால் இன்ஜின்களுக்கு மட்டும் 1,210. ஜெனரேட்டரும் கால் பங்கும் சேர்ந்தால் 1,600-ஐத் தாண்டி, ஒதுக்கி வைத்ததில் கை வைக்க வேண்டிவரும். பாதி வழியில் போர்ட் கிளாங்கில் நிரப்பலாம் என்பதும் கணக்கில் இருக்கட்டும். தென்மேற்குப் பருவக்காற்று மாதங்களில் விடியலுக்கு முன் சுமத்ரா பக்கமிருந்து வரும் சூறைக்காற்று ஒன்றிரண்டு மணி நேரம் படகை நிறுத்தி வைக்கும்; அந்தக் கால் பங்கு அதற்காகத்தான்.

வழியில் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை நோட்டில் எழுதுங்கள்: நேரம், இரண்டு ஆர்பிஎம், ஜிபிஎஸ் வேகம், கடந்த தூரம், இரண்டு டேங்கின் கோடு. இடமும் வலமும் ஒன்றுக்கொன்று விலகத் தொடங்கினால் இரண்டாவது பதிவிலேயே தெரிந்துவிடும். லங்காவியில் நிரப்பும்போது பம்ப் மீட்டர் காட்டும் லிட்டரை நோட்டுக் கணக்கின் பக்கத்தில் எழுதுங்கள். இரண்டுக்கும் 5 சதவீதத்துக்குள் வித்தியாசம் என்றால் உங்கள் அட்டவணை சரி. அதற்கு மேல் போனால், திரும்பும் பயணத்துக்குப் பம்ப் மீட்டர் சொன்ன எண்ணையே வைத்துக் கணக்குப் போடுங்கள்.